இரவில் தானாகச் சுழலும் டவர் கிரேன்: பரவும் செய்தி தவறு

கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி பரவுகிறது. ஆளில்லாத டவர் கிரேனின் நீண்ட கை இரவில் தானாகச் சுழல்வதைக் காட்டி, "பிரேக் பழுதாகிவிட்டது, எந்நேரமும் சாயும், அருகில் வசிப்போர் வெளியேறுங்கள்" என்று அதனுடன் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சுழற்சி பழுதின் அடையாளம் அன்று. வேலை முடிந்ததும் சுமையை இறக்கி, கொக்கியை உயர்த்தி, சுழற்சி பிரேக்கை ஓட்டுநர் வேண்டுமென்றே விடுவித்துவிட்டுத்தான் இறங்குகிறார். அப்போது கிரேனின் கை, காற்றாடியைப் போல, காற்று போகும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதால் அதன் மீது விழும் அழுத்தம் குறைகிறது. மாறாக, பிரேக்கைப் பூட்டி வைத்தால் பக்கவாட்டுக் காற்று முழு நீளத்திலும் மோதி, நெடுங்கம்பத்தையும் அடித்தளத்தையும் சாய்க்கப் பார்க்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த இந்தக் கடற்கரையில் அந்த விசையின் அளவை விளக்க வேண்டியதில்லை. புயல் வந்தால் கையைக் கயிற்றால் கட்டச் சொல்லும் அதே செய்தியின் யோசனைதான் உண்மையில் ஆபத்தானது.

தயாரிப்பு நிறுவனத்தின் இயக்கக் கையேட்டில், பணியில் இல்லாத நிலை பற்றிய பகுதியில் இதைச் சரிபார்க்கலாம். பலத்த காற்றிலும் கை அசையாமல் நின்றாலோ, வேலை முடிந்த பின்னும் சுமை தொங்கினாலோ, கட்டுமானத் தளப் பொறியாளரிடம் தெரிவிப்பது பொருத்தம். இந்தக் காணொளியை மேலும் பகிர வேண்டாம்.