ஏழு ரூபாய் மட்டுமல்ல கோரிக்கை

2023 மார்ச்சில் ஆவினுக்குப் பால் அனுப்பாமல் விவசாயிகள் நடத்திய போராட்டத்தை, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை வெறும் விலைக் கோரிக்கையாகச் சுருக்கிவிட்டது. லிட்டருக்குப் பசும்பாலுக்கு 35 ரூபாயை 42 ஆகவும் எருமைப்பாலுக்கு 44 ரூபாயை 51 ஆகவும் உயர்த்தக் கேட்டது உண்மை. பாலை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்திலேயே அளவையும் தரத்தையும் குறித்துக் கொடுங்கள் என்பதும் அவர்களின் நெடுநாள் கோரிக்கை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அறிவிக்கும் விலை, கொழுப்பும் எஸ்.என்.எஃப்-ம் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறித்த அளவில் இருக்கும் பாலுக்குத்தான். கறந்த சூட்டோடு, நுரை அடங்குமுன், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டால் குறைத்தே காட்டும்; அதை வைத்துக் கணக்கிடும் எஸ்.என்.எஃப்-ம் குறையும். பாலை ஆறவிட்டு, நன்றாகக் கலக்கி, வெப்பநிலைக்கான திருத்தமும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காலை நேர நெரிசலில் இதற்கு யார் பொறுமையாக நிற்கிறார்கள்? எஸ்.என்.எஃப் குறைந்தால் காசும் குறையும்.

செலவைப் பாருங்கள். 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் கறவைக்கு 4 கிலோ, ஆக தினமும் ஐந்தரை கிலோ அடர்தீவனம். பசுந்தீவனமும் வைக்கோலும் தனி.

போராட்டத்தில் பாலைக் கொட்டுகிறார்களே என்று வருந்துபவர்களுக்கு: கறக்காமல் விட்டால் மடி கட்டி மடிநோய் வரும், கறந்த பால் குளிரூட்டாவிட்டால் சில மணி நேரத்தில் கெடும். போராட்ட நாட்களில் ஊர்ப்பாலை ஓரிடத்தில் சேர்த்துத் தயிர், வெண்ணெய், கோவா ஆக்க அண்டாவும் விறகும் முன்பே தயாராக வேண்டும். இல்லையென்றால் ஒற்றை மாடு வைத்திருப்பவர் மூன்றாம் நாளே தனியார் வண்டிக்கு ஊற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.