பேராசிரியர் என்றால் நோயாளியைத் தொடாதவரா?

"சிகிச்சை தெரிந்தவர் ஆஸ்பத்திரி வைப்பார், தெரியாதவர் மெடிக்கல் காலேஜில் வாத்தியார் ஆவார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு.

அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை மாதிரியான துறைகளின் பேராசிரியர்தான் வார்டில் யூனிட் சீஃப், அதாவது ஒரு மருத்துவர் குழுவின் தலைவர். ஓ.பி., ரவுண்ட்ஸ், ஆபரேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. வகுப்பு அதற்கு நடுவில்தான்.

ஆய்வு செய்பவர்களைப் பார்ப்போமா? 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். மாணவியின் பட்ட மேற்படிப்பு ஆய்வேட்டுக்காக எடுத்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரிந்தது. கொஞ்ச நாள் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தவை அவை! பரிசோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). அப்புறம் சுனிதியே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென ஒரு மையம் தொடங்கிச் சிகிச்சை தந்தார்.

அதே வேலூர் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை கற்பித்த மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை கால் புண்களுக்குக் காரணம் சதை அழுகுவதல்ல, வலி உணர்வு போவதே என்று காட்டியதும் அவர்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் எம்.எஸ்சி., பிஎச்.டி. படித்த ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் சிகிச்சை செய்வதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.