டாட் இன் முகவரி இந்தியக் கடைக்கு அத்தாட்சி ஆகாது

"டாட் இன் (.in என்று முடியும் இணையதள முகவரி) பெயரை இந்தியர் மட்டுமே வாங்க முடியும், பதிவு எண்ணிக்கை கூடுவது நம் ஊர்க் கடைகள் கூடுவதைக் காட்டுகிறது, காரைக்குடி கண்டாங்கிச் சேலை விற்கும் தளம் டாட் இன் என்றால் நம்பிப் பணம் அனுப்பலாம்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பிச் சிங்கப்பூரிலிருந்து யாராவது முன்பணம் அனுப்பிவிடக்கூடாது.

2005ஆம் ஆண்டிலேயே டாட் இன் உலகில் எவரும் வாங்கும்படி திறந்துவிடப்பட்டது. இந்திய முகவரி கட்டாயமில்லை. டாட் கோ டாட் இன் (.co.in) பெயரும் அப்படித்தான். கட்டுப்பாடு இருப்பது அரசுக்கான டாட் கவ் டாட் இன் (.gov.in), கல்வி நிறுவனங்களுக்கான டாட் ஏசி டாட் இன் (.ac.in) போன்றவற்றுக்கு. சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி வேறு மாதிரி: வெளிநாட்டவர் வாங்கினால் அங்கே முகவரியுள்ள ஒரு நிர்வாகத் தொடர்பாளரைக் காட்ட வேண்டும்.

ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து உள்நாட்டு வளர்ச்சியை அளக்க முடியாது. அதில் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பிராண்டைக் காக்க வாங்கியவை, மறுவிற்பனைக்காகப் பதுக்கியவை, முதல் ஆண்டுத் தள்ளுபடியில் எடுத்தவை எல்லாம் கலந்திருக்கும். தள்ளுபடிப் பெயர்களில் பல அடுத்த ஆண்டே கைவிடப்படும். பதிவுசெய்தவரின் நாடு, புதுப்பிப்பு விகிதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

பொருள் வாங்கும் முன், இணைய முகவரியின் பதிவு விவரங்களைக் காட்டும் 'ஹூ இஸ்' (WHOIS) தேடலில் தளத்தின் பெயரைப் போடுங்கள். பதிவு செய்தவரின் பெயரும் தொலைபேசியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். நாடு, மாநிலம், பதிவான தேதி தெரியும். நாடும் மாநிலமும் பதிவு செய்தவர் கொடுத்த விவரமே என்பதால் தேதிக்குத்தான் எடை அதிகம். 'மூன்று தலைமுறைக் கடை' என்று சொல்லும் தளத்தின் பெயர் போன மாதம் பதிவாகியிருந்தால், ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி அரசின் ஜிஎஸ்டி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.