டிஸ்அக்ரீ என்றால் சண்டை அல்ல

நேற்று இரவு எங்கள் பழைய மாணவர் குழுவில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்றுகூடல் காசை ஹோட்டல் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதா, பாடசாலை நூலகத்துக்குக் கொடுப்பதா என்ற பேச்சில், "ஐ டிஸ்அக்ரீ வித் யூ அண்ணா" என்று எழுதினேன். அவ்வளவுதான். பிறகு வந்ததெல்லாம் என் வளர்ப்பைப் பற்றி.

டிஸ்அக்ரீ என்றால் உடன்படவில்லை. சொன்னது உண்மையில்லை என்பதற்கு டினை இருக்கிறது. பிழையென்று நிறுவிக் காட்டினால் ரிஃபியூட். நான் இரண்டையும் செய்யவில்லை. உடன்படவில்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

"வித் யூ என்றால் ஆளைத்தானே சொல்கிறாய்?" என்று ஒருவர் கேட்டார். சரி, 'வித் தட்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் தமிழிலும் 'உங்களோடு உடன்படவில்லை' என்றுதானே சொல்கிறோம்? வெள்ளவத்தை வீட்டில் அப்பாவுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. இங்கிலிஷில் அதற்கும் இதே டிஸ்அக்ரீதான், அதிலும் 'வித்' வரும். நண்டுக்கும் அப்பாவுக்கும் என்ன பகை? சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், அவ்வளவுதான்.

'ஐ பெக் டு டிஃபர்' என்று பணிவாகச் சொல்லியிருக்கலாமாம். அந்தப் 'பெக்'கில் கெஞ்சல் எதுவும் இல்லை. பல இடங்களில் அது டிஸ்அக்ரீயைவிடக் காரமாகத்தான் விழும்.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்த காலத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நீதியரசர் எழுதிய தீர்ப்பின் கீழே மற்றவர்கள் 'ஐ அக்ரீ' என்று கையெழுத்திடுவார்கள். உடன்படாதவர் தன் காரணத்தைத் தனியாக எழுதுவார். அவரை யாரும் வளர்ப்புச் சரியில்லை என்று சொல்வதில்லை.

நன்னூல் எழுவகை மதத்தை, அதாவது நூல் எழுதுபவர் எடுக்கக்கூடிய ஏழு வகை நிலைப்பாட்டை, சொல்லும்போது முதலில் உடன்படல், அதற்கு அடுத்ததே மறுத்தல். இதை எனக்குச் சொல்லித் தந்ததும் அதே பாடசாலையின் தமிழ் ரீச்சர்தான்.

போன மாதம் இன்னோர் அண்ணா இதே அண்ணாவுக்கு 'யூ ஆர் ரோங்' என்று நேராகவே எழுதினார். எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்கு 34 வயது. இன்னும் நான் வாய் திறந்தால் தங்கச்சி வாய் காட்டுகிறாள் என்கிறீர்கள். இரவு முழுக்க நித்திரை இல்லை.

நூலகத்தைப் பற்றி நான் கேட்டது அங்கேயே கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணா. நீங்களும் டிஸ்அக்ரீ பண்ணலாம், நான் கேட்பேன்.