ஃபேர்டிரேட் பிரீமியம் தினக்கூலியோடு சேருமா?

"ஃபேர்டிரேட் முத்திரை உள்ள தோட்டத்தில் பிரீமியத்தைத் தினக்கூலியோடு சேர்த்துத் தர வேண்டும், இது மத்திய அரசு சட்டம்" என்று மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

ஃபேர்டிரேட் அரசுத் திட்டமே அல்ல; நியாய வணிகத்துக்கான தனியார் சான்று முத்திரை. ஜெர்மனியின் பான் நகரிலுள்ள ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் விதிகளை வகுக்கிறது. அதன் பொதுக்குழுவில் பாதி வாக்கு உற்பத்தியாளர் அமைப்புகளுக்கு. தோட்டங்களைத் தணிக்கை செய்து சான்று தருவது ஃப்ளோசெர்ட் நிறுவனம்.

பிரீமியம் என்பது தேயிலை வாங்குபவர் விலைக்கு மேல் தரும் கூடுதல் பணம்; அது தனிக் கணக்கில் வரும். நிர்வாகம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த கமிட்டி திட்டம் போடும், தொழிலாளர் பொதுக்கூட்டம் ஒப்புதல் தரும். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்ற பொதுத் தேவைக்குத்தான் பெரும்பகுதி. ஒரு பகுதியை மட்டும் ரொக்கமாகப் பிரிக்கலாம். பிரீமியம் கிடைப்பதே முத்திரையோடு விற்ற தேயிலைக்கு மட்டும்தான். மற்ற தூள் சாதாரணமாக ஏலத்துக்குப் போனால் ஒரு பைசா பிரீமியம் இல்லை. என் பார்வையில் இதுதான் பெரிய குறை.

கூலி வேறு விஷயம். 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் நடத்திய பொம்பிளை ஒருமை போராட்டத்துக்குப் பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் உட்காரும் பிளான்டேஷன் லேபர் கமிட்டி பேச்சுவார்த்தையில், முத்திரையால் அல்ல.

உங்கள் தோட்டத்துக்குச் சான்று இருக்கிறதா என்று ஃப்ளோசெர்ட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இருந்தால் கமிட்டியிடம் கணக்குக் கேளுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.