ஆடிக்காற்றையும் கணக்கில் சேருங்கள்

மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஃபுல் சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் போகும்?” பங்காளி வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தபோதும் கேட்டார்கள். நானும் ஆரம்பத்தில் 200 என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன். அந்த ஒற்றை எண்ணை நம்பி யாரும் இந்த வண்டியை வாங்கவும் வேண்டாம், வேண்டாமென்று ஒதுக்கவும் வேண்டாம்.

போன ஆடியில் அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு உடுமலையிலிருந்து கோவைக்குக் கிளம்பினேன். சிறிய கார், 24 யூனிட் பேட்டரி, முழு சார்ஜ். பொள்ளாச்சி வரை மேற்கே போகிற சாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று நேராக முகத்தில் அறைந்தது. கோமங்கலம் பக்கத்துத் தென்னைகளில் ஓலையெல்லாம் கிழக்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. வேகம் 80ஐத் தாண்டவில்லை. அப்படியும் பொள்ளாச்சி போவதற்குள், வெறும் 28 கிலோமீட்டருக்கு, 20 சதவீதம் தீர்ந்துவிட்டது. திரையை எட்டிப் பார்த்த அம்மா, “வீடு வந்து சேர்ந்துவிடுவோமா கண்ணு?” என்று கேட்டார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு, அதே சாலை, அதே வேகம். 12 சதவீதம்தான் செலவானது. பொள்ளாச்சியிலிருந்து கோவை போய்வந்த செலவும் போக, வீட்டு வாசலில் நிறுத்தியபோது 20 சதவீதம் மீதி இருந்தது.

வண்டி மாறவில்லை, காற்றின் பக்கம்தான் மாறியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காரைப் பொறுத்தவரை அது 110 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில்) ஏறும் என்பதால், அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. நம் பக்கம் இத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டார்களோ, அதே காற்றுதான் காரையும் பிடித்துத் தள்ளுகிறது.

விளம்பரத்தில் வருகிற எண் பொய் என்று நான் சொல்லவில்லை. 2022இல் டியாகோ மின்சாரக் கார் வந்தபோது, அதன் 24 யூனிட் பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அது எம்.ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனை முறையில் கிடைத்த எண். ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளப்பார்கள். ஏசி ஓடாது, வேகம் 90ஐத் தாண்டாது, எதிர்காற்றும் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். உடுமலையிலிருந்து கிளம்புகிறவனுக்கு அது போதாது.

இதைப் பெரியப்பாவிடம் விளக்கப் போய்த்தான் எனக்கே தெளிவு வந்தது. அவர் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், யூனிட் கணக்கு விரல் நுனியில் இருக்கும். “ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல் சாமி, மற்றதை நான் பெருக்கிக்கொள்கிறேன்” என்றார். நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். என் வண்டியில் எதிர்காற்றில் ஆறு கிலோமீட்டர்கூட முழுதாக வரவில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளினால் பத்தை நெருங்குகிறது. காற்றில்லாத நாளில் எட்டு. சித்திரை வெயிலில் ஈரோட்டு நெரிசலில் ஊர்ந்தால் ஏசி மட்டுமே மணிக்கு ஒரு யூனிட் அளவுக்குக் குடித்துவிடும். வீட்டு மீட்டரில் ஓடுவது இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு சேர்த்து 1,350 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏழு யூனிட் வேண்டும். சாலையில் உருண்டு ஓடுவதற்கான செலவு அதற்கு மேல். இறங்கும்போது மோட்டாரே பிரேக் போலப் பிடித்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். அதனால் தயவுசெய்து ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடம் இருக்காது, பிரேக் கட்டைதான் தேயும்.

ஒரே ஒரு ஆடிப் பயணத்தை வைத்து, “இந்த வண்டி நம் ஊருக்கு ஆகாது” என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். வருத்தமாக இருக்கிறது. தினம் 40, 50 கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர்களுக்கு இது அருமையான வண்டி.

ஐப்பசியில் காற்று அடங்கிய பிறகு அதே பொள்ளாச்சி சாலையில் அதே 80இல் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன். தாராபுரம், காங்கேயம், கோபி பக்கம் ஓட்டுகிறவர்கள் உங்கள் யூனிட் கணக்கைக் கீழே எழுதுங்கள். எந்த மாதம், எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.