பெரியம்மா வீட்டுக் கழிவறையும் நூறு மீட்டர் சட்டமும்

என் பெரியம்மா வீடு ஒரு சோழர் காலத்துக் கோயிலின் மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள கோயில். மூட்டுவலி வந்தபிறகு கொல்லைக் கடைசியில் இருக்கும் கழிவறை வரை அவரால் நடக்க முடியவில்லை. படுக்கும் அறையை ஒட்டி ஒன்று கட்டலாம் என்று அண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை. "அண்ணே, இது நூறு மீட்டருக்குள்ள வருதே" என்றவர், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010இல் கொண்டுவந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்க மனுப் போடலாம், புதிதாகக் கட்டக்கூடாது. ஒரு வேடிக்கை, பொதுக் கழிப்பிடம் கட்டுவதைச் சட்டம் 'கட்டுமானம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறது. பெரியம்மா தன் வீட்டை ஊருக்குப் பொதுவாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

இந்தச் சட்டத்தைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். 2017இல் வந்த மசோதா, மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு இந்த 100 மீட்டருக்குள்ளும் வழிவிடச் சொன்னது. 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை தெரிவுக் குழுவுக்கு அனுப்ப, சட்டமாகாமல் நின்றது. 2022 மழைக்காலக் கூட்டத்தொடர்ப் பட்டியலிலும் ஒரு திருத்த மசோதா இருந்தது. பேச்சு ஓயவில்லை, திரும்ப வரும்.

வரட்டும். நான் தளர்வுக்கு எதிரி இல்லை. தாஜ்மகாலுக்கும் வயல் நடுவே நிற்கும் ஒற்றைத் தூணுக்கும் அதே 100 மீட்டர் என்பது சோம்பேறிக் கணக்கு. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதனதன் இடத்தைப் பார்த்துத் தனி விதிகள் எழுத வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்கிறது. அதைச் செய்து முடித்திருந்தால் பாதி வழக்கு இருக்காது. அதை விட்டுவிட்டு, மேம்பாலத்துக்கு வளைந்துகொடுக்கும் சட்டம் கிழவியின் கழிவறைக்கு மட்டும் விறைப்பாக நிற்கும் என்றால், சின்னத்தைப் பற்றிய கவலை அதில் எங்கே இருக்கிறது?

சரி, இவ்வளவு மீட்டர் போட்டும் காப்பாற்றியிருக்கிறோமா? 50 சின்னங்கள் காணோம் என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் அரசே கணக்குக் கொடுத்தது. 14 நகரம் பெருகியதில் போயின, 12 அணைநீரில் மூழ்கின, மீதி 24 எங்கே என்றே தெரியவில்லை. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஃபரிதாபாத் பக்கம் முஜேசரில் இருந்த முகலாயர் காலத்துக் கோஸ் மினார் ஒன்று அதில் சேர்த்தி. வழிப்போக்கர்களுக்குத் தொலைவு காட்ட நட்ட தூண்! அப்போதிருந்த சுமார் 3,690 சின்னங்களில் காவலர் இருந்தது 248 இடங்களில் மட்டும்தான் என்பதும் அந்தக் குழுவுக்குச் சொன்ன கணக்குதான்.

இதெல்லாம் பட்டியலில் இருப்பவற்றின் கதை. பட்டியலுக்கு வெளியே இருப்பவை? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் இருக்கிறது. ஆகோள் என்றால் அடுத்த ஊர் மாடுகளைக் கவர்ந்துபோவது; அந்தச் சண்டையில் செத்தவனுக்கு வைத்த கல். சங்கப் பாட்டில் படித்த ஆகோள், கல்லில் வெட்டியபடியே கிடைத்தது. அவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கு எந்த வரப்புக்கு அண்டைக்கல்லோ!

எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் ஒன்று இருந்தது. வில்லோடு ஒரு ஆள், காலடியில் நாய், மேலே தேய்ந்துபோன இரண்டு வரி எழுத்து. தை மாதம் மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்போம், வீரன் கல் என்போம். எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை, அதனால் அதற்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது. கரையை அகலப்படுத்தியபோது ஜேசிபி மண்ணோடு சேர்த்து வாரியது. நாங்கள் போய்ப் பார்த்தபோது மதகுக்குக் கீழே தலைகுப்புறக் கிடந்தது, நாய் இருந்த பக்கம் உடைந்து. புதிய மசோதாவில் இந்தக் கல்லுக்கு ஒரு வரி இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஊராட்சிக்கு ஒரு பதிவேடு, ஒரு புகைப்படம், வேலை தொடங்குமுன் அதை ஒரு தடவை புரட்டிப் பார்க்கும் கட்டாயம். அவ்வளவு போதும், அதற்கு எதற்கு நூறு மீட்டர்?